இரண்டடி உயரத்தில் பழி

"பீச் பழத் தோட்டத்துக்கு எதுக்கு பாஸ் போறோம்? துப்பு துலக்கவா, ஜாம் போடவா?"

மேக்ஸீன் டோரல் பதில் சொல்லாமல் காரை ஓட்டினாள். பதில் சொல்லாதபோது அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம். யோசிக்கும்போது அவள் பிரேக் போடுவதில்லை என்பதுதான் என் கவலை. ராணுவப் போலீஸில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவளுக்குச் சிவப்பு விளக்கு ஓர் ஆலோசனை மட்டுமே.

என் பெயர் கிளெம் பிங்கெட். அவளுடைய உதவியாளன். அதாவது பை தூக்குபவன், திட்டு வாங்குபவன்.

எங்களை வேலைக்கு வைத்தவன் கேப்டன் கிரேடி சோர்லி. நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் விமானப்படைத் தளத்தில் உளவு விமானம் ஓட்டுகிறவன். அவனுடைய அண்ணன் எம்மெட்டும் அதே வேலைதான் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மழையில், எழுபதாயிரம் அடி உயரத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்த எம்மெட், தரைக்கு இரண்டடி இருக்கும்போது செத்தான். விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புரண்டு தீப்பிடித்தது. விசாரணை நடந்தது. ஓட்டியவனின் தவறு என்று முடித்து, கல்லறையோடு சேர்த்து அவன் பெயரையும் மூடிவிட்டார்கள்.

கிரேடி எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு ஒலிநாடாவைப் போட்டுக் காட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க மேடம்," என்றான். "எங்க விமானத்துக்கு ரெண்டே சக்கரம். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, சைக்கிள் மாதிரி. உடம்பு பூரா காத்தடைச்ச உடுப்பு, தலையில கூண்டு மாதிரி ஹெல்மெட். இறங்கும்போது கீழ ஓடுபாதை எங்க இருக்குன்னு ஒரு மண்ணும் தெரியாது. அதனால இன்னொரு பைலட் பின்னாலயே கார்ல துரத்திக்கிட்டு வந்து, எத்தனை அடி இருக்குன்னு ரேடியோவுல எண்ணிச் சொல்வான். ரெண்டடின்னு அவன் சொன்னதும் அந்த உயரத்துலயே பிடிச்சு வைக்கணும். விமானம் மூச்சடங்கித் தானா உக்காரும்."

"பத்தடியில இருக்கும்போது ரெண்டுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"பத்தடியிலேருந்து விழும். உடையும்." அவன் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நாடாவில் மழை இரைச்சல். அதற்குள் ஒரு குரல்: "பத்து... எட்டு... அஞ்சு... மூணு..." அடுத்து அதே குரல் அலறியது. "இடது! இடது!" அதோடு எல்லாம் முடிந்துவிட்டது.

"இது மேஜர் டாலிவர்," என்றான் கிரேடி. "எங்க அண்ணனுக்கும் இவனுக்கும் அதுக்கு முந்தின வாரம்தான் வாய்ச்சண்டை. அடுத்த தளபதி யாருன்னு. எண்ண வேண்டிய நேரத்துல இடதுன்னு கத்தியிருக்கான். கண்ணு தெரியாதவனுக்கு வழி சொல்ற மாதிரி. எங்க அண்ணன் நம்பித் திருப்பிட்டான். இன்னிக்கு அந்தாளு தளபதி. எனக்கு ஆதாரம் வேணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள. நானே உங்களைத் தளத்துக்குள்ள கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து சொல்லுங்க, ஆமாவா இல்லையான்னு. அது போதும்."

வெள்ளிக்கிழமை இன்றுதான். மூன்று நாளாகத் தளத்துக்குள் யாரும் எங்களோடு வாய் திறக்கவில்லை. அப்படியிருக்கும்போது இந்த அம்மாள் பழத் தோட்டத்துக்குப் போகிறாள்.

"எல்லாரும் அந்த 'இடது'ங்கிற வார்த்தையவே கேட்டுக்கிட்டிருக்காங்க கிளெம்," என்றாள் கடைசியில். "இடது பக்கத்துல என்ன இருக்குன்னு ஒருத்தனும் போய்ப் பாக்கல."

ஓடுபாதையின் இடது பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் குர்மித் ஜோஹலின் பீச் தோட்டம்.

ஜோஹல் ஊதாத் தலைப்பாகையும் ரப்பர் பூட்ஸுமாக மரத்தடியில் நின்றிருந்தார். அறுவடைக் காலம். நீளமான மரப் பெஞ்சில் பழங்களைக் கொட்டி நாலு பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேக்ஸீன் விபத்தைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் கையை ஆட்டினார்.

"ரெண்டு வருஷமா யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன் சகோதரி. முதல்ல ஒரு பழம் சாப்பிடுங்க."

நான் இரண்டு சாப்பிட்டேன். மேக்ஸீன் சாப்பிடவில்லை. அவள் பெஞ்சின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கால் மரம். நாலாவது கால் இரும்பு. வில் மாதிரி வளைந்து, முனையில் இரண்டு குட்டிச் சக்கரங்களோடு இருந்தது.

"இந்தக் கால் எந்த மரத்துல காய்ச்சது?" என்றாள்.

ஜோஹல் சிரித்தார். "மூணாவது வரிசை மரத்துல. அந்த விமானம் புரண்டப்போ வேலியத் தாண்டிப் பறந்து வந்து கிளையில மாட்டிக்கிச்சு. நல்ல இரும்பு. வீணாக்குவானேன்?"

எனக்கும் அது என்னவென்று தெரிந்தது. தளத்தைச் சுற்றி வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். முட்டுச் சக்கரம். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் மாட்டுகிற மாதிரி, அந்த விமானத்தின் நீண்ட இறக்கைகள் தரையில் இடிக்காமலிருக்கப் பக்கத்துக்கொன்றாகச் செருகுவார்கள். கிளம்புவதற்கு முன் பூட்டு முள்ளைப் பிடுங்கிவிடுவார்கள். இறக்கை மேலே எழும்பியதும் இரண்டும் தானாகக் கழன்று ஓடுபாதையில் விழும். ஆட்கள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள்.

"கிளம்பும்போது விழ வேண்டியது, இறங்கும்போது எப்படிப் பறந்து வந்துச்சு?" என்றேன்.

"சபாஷ். பழம் உனக்கு ஒத்துக்குது," என்றாள் மேக்ஸீன். மண்டியிட்டு இரும்புக் காலின் தலைப்பக்கத்தைத் தடவினாள். முள் போகும் துளையில் அவள் சுண்டுவிரல் நுழைந்தது. "முள் இல்ல."

"அதனால?"

"அதனால தரையில வேலை செஞ்ச பசங்க மேல தப்பில்ல. பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிட்டாங்க. இது தானாவே சிக்கிக்கிட்டிருக்கு. ஜோஹல் ஐயா, தளத்துலேருந்து இதைக் கேட்டு யாருமே வரலையா?"

"ஒருத்தர் வந்தாரு. மறுநாளே. உசரமான ஆளு, பேரு டாலிவர்னு சட்டையில இருந்துச்சு. ரெண்டு கையிலயும் பெரிய கட்டு. எரிஞ்சுக்கிட்டிருந்த விமானத்துலேருந்து அந்தப் பையனை இழுத்துப் போட்டது அவருதான்னாங்க. இதை வெறிச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. எடுத்துட்டுப் போங்கன்னேன். வேணாம், பத்திரமா வச்சிருங்க, ஒருநாள் ஒருத்தன் கேட்டு வருவான், அவனுக்குக் காட்டுங்கன்னாரு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு."

நான் துள்ளிவிட்டேன். "பாஸ், முடிஞ்சுபோச்சு! ஆதாரத்தை மறைச்சிருக்கான். அயோக்கியன்! விசாரணையில வாயத் தொறக்காம, இங்க வந்து வாய அடைச்சிருக்கான்!"

"மறைக்கிறவன் ஆத்துல போட்டிருப்பான் கிளெம். ஆறு நாலு மைல்ல ஓடுது. இவன் பத்திரமா வைக்கச் சொல்லியிருக்கான்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஐயா, அன்னிக்குக் காலையில அந்த விமானம் கிளம்பினது ஞாபகமிருக்கா?"

"நல்லா இருக்கு. டீ ரெண்டு தடவை சிந்துச்சு."

"என்னது?"

"ஒண்ணு கிளம்பினாலே என் வீட்டுச் சன்னலெல்லாம் ஆடும், டீ சிந்தும். அன்னிக்குத் தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு. ரெண்டாவதுதான் திரும்பி வந்தப்போ இப்படி ஆச்சு. என் சம்சாரம் எப்படித் திட்டினான்னு நினைக்கிறீங்க!"

மேக்ஸீனின் முகம் சட்டென்று வெளிறிவிட்டது. அவள் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"கிளெம், கிரேடி ஏன் மூணு மணிக்குள்ள கேட்டான்?"

"கோர்ட் மூடிடுவாங்கன்னா? இல்லையே, கோர்ட் அஞ்சு வரைக்கும் இருக்குமே."

"அவன் கோர்ட்டுங்கிற வார்த்தையவே சொல்லல. வக்கீல்னு சொல்லல. மேலதிகாரின்னும் சொல்லல. ஆமாவா இல்லையா, அது போதும்னான். ஐயா, மூணு மணிக்கு என்ன?"

"காலையில போன விமானம் இறங்கும்," என்றார் ஜோஹல். "நாங்க அந்தச் சத்தத்துக்குத்தான் சாயங்கால டீ போடுவோம்."

மேக்ஸீன் அவர் வீட்டுச் சமையலறைக்கு ஓடித் தளத்துக்குப் போன் போட்டு, கிரேடியின் விருந்தாளி என்று சொல்லி விசாரித்தாள். திரும்பி வரும்போது நடையிலேயே விஷயம் தெரிந்தது.

"மேல இருக்கிறது டாலிவர். துரத்துற கார்ல கிரேடி."

பத்தடியிலேருந்து விழும், உடையும் என்று அவன் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. துப்பாக்கி வேண்டாம், விஷம் வேண்டாம். ஒரு எண்ணை முன்னால் சொன்னால் போதும். யாரும் நிரூபிக்கவும் முடியாது.

"அந்தக் காலைக் கழட்டு," என்றாள்.

"பெஞ்சு விழுந்துடும் பாஸ்!"

"அங்க ஒரு ஆளே விழப்போறான்டா!"

நான் கழற்றினேன். பெஞ்சு சாய்ந்து பழமெல்லாம் உருண்டது. நாலு பெண்களும் என் பரம்பரையைப் பஞ்சாபியில் விசாரித்தார்கள்.

தள வாசலில் கிரேடியே எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தான். விருந்தாளிகள் அந்தத் துரத்தும் காரில் ஏறிப் பார்ப்பது அங்கே வழக்கம்தான். ஆனால் மடியில் இரும்புக் காலோடு வந்த விருந்தாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காவலாளி கேட்டதற்கு, "முட்டி வலி, மாத்துக் கால்," என்றேன். அவன் சிரிக்கவில்லை.

கிரேடி ஓடுபாதையின் ஓரத்தில் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தான். ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு கையில் ரேடியோவின் மைக். மேக்ஸீன் முன்னால் ஏறினாள். நான் பின்னால் சக்கரத்தோடு நுழைந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் கறுப்பாக ஒரு நீளக் கோடு தெரிந்தது.

"சொல்லுங்க மேடம். ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னா என்ன செய்வீங்க?"

"எண்ணுவேன்," என்றான். "கொஞ்சம் அவசரமா எண்ணுவேன்."

அதைச் சொன்னபோது அவன் குரல் ஆடவே இல்லை. வெறுப்பு பழகிப் பழகி அவனுக்குச் சோறு தண்ணி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"ரெண்டு வருஷமா அந்தாள் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் என்னைத்தான் கார்ல போடச் சொல்றான்," என்றான். "என் அண்ணனைக் கொன்னுட்டு என்கிட்டயே வந்து கழுத்த நீட்டுறான். எவ்வளவு திமிர் பாருங்க! ஒவ்வொரு தடவையும் சரியா எண்ணியிருக்கேன். ஏன்னா எனக்கு நிச்சயமா தெரியணும். தெரியாம ஒருத்தனை நான் கொல்ல மாட்டேன்."

"கிளெம், காட்டு," என்றாள் மேக்ஸீன்.

நான் இரும்புக் காலை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நீட்டினேன். கிரேடி முதன்முறையாகத் திரும்பினான்.

"இது எங்கேர்ந்து?"

"இடது பக்கத்துலேருந்து. உங்க அண்ணனோட இடது இறக்கையிலேருந்து. அன்னிக்குக் கிளம்பினப்போ இது விழல கேப்டன். பயணம் பூரா தொங்கிக்கிட்டே போயிருக்கு. இறங்கும்போது கோணலாத் தரையில இடிச்சு விமானத்தை இழுத்துட்டுப் போயிடுச்சு. மழையில டாலிவருக்குக் கடைசி நொடியிலதான் கண்ணுல பட்டிருக்கு. இடதுன்னு கத்தினது திரும்பச் சொல்லி இல்ல. இடதுல என்னமோ தொங்குதுன்னு."

"பொய்! அப்படின்னா விசாரணையில சொல்லியிருக்கலாமே! ஏன் மறைச்சான்?"

"அதையேதான் நானும் கேட்டேன்," என்றேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"முள் எடுத்தாச்சு. அப்போ சக்கரம் விழுந்துச்சான்னு பாக்க வேண்டியது யாரு?" என்றாள் மேக்ஸீன்.

"கிளம்பும்போது பின்னால கார்ல போறவன். ரெண்டும் விழுந்துச்சுன்னு அவன் சொன்னாத்தான் பைலட் மேல ஏறுவான்."

"அன்னிக்குக் காலையில அந்தக் கார்ல யாரு கேப்டன்?"

கறுப்புக் கோட்டுக்கு இறக்கைகள் முளைத்திருந்தன.

"கேக்குறேன்ல?"

"நான்," என்றான் கிரேடி.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டும் விழுந்துச்சுன்னு. விழுந்துச்சு மேடம்! என் கண்ணால பாத்தேன். தரையில ரெண்டு கிடந்துச்சு."

"இறக்கையப் பாத்தீங்களா, தரையப் பாத்தீங்களா?"

அவன் கண் ஓடுபாதையோரப் புல்லுக்குப் போனது.

"அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாலதான் இன்னொரு விமானம் கிளம்பியிருக்கு," என்றாள். அவள் குரலில் இரக்கமும் இல்லை, கடுமையும் இல்லை. "அதோட சக்கரம் ஒண்ணு புல்லுல உருண்டு கிடந்திருக்கு, அதுவரைக்கும் அதை யாரும் பொறுக்கல. உங்க அண்ணனோடது ஒண்ணு. ரெண்டு கிடந்துச்சு, சரிதான். ஆனா ரெண்டும் அவனோடது இல்ல."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் முடியாமல் இரும்புக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ரேடியோ கரகரத்தது. "கிரேடி, இருக்கியா?"

டாலிவரின் குரல். நாடாவில் கேட்ட அதே குரல்.

கிரேடி மைக்கை வெறித்தான். மேக்ஸீன் அதைப் பிடுங்கவில்லை. பிடுங்கி என்ன செய்வது? காரில் இருக்கும் எங்கள் இருவருக்கும் அடியை அளக்கத் தெரியாது. மேலே இருப்பவனுக்குக் கண் இவன் ஒருவன்தான். எஞ்சினின் எரிபொருளும் தீர்ந்துகொண்டிருக்கும் நேரம்.

"கிரேடி?"

விமானம் எங்கள் தலைக்கு மேலாகத் தாழ்ந்து கடந்தது. கிரேடி பற்களைக் கடித்துக்கொண்டு காலை அழுத்தினான். கார் சீறியது. என் முதுகு இருக்கைக்குள் புதைந்தது. நூறு மைல் வேகத்தில் அந்தப் பிரம்மாண்டமான இறக்கைகளுக்குப் பின்னால் ஓடினோம். எனக்குத் தெரிந்த எல்லாப் பிரார்த்தனைகளையும் கலந்தடித்துச் சொன்னேன்.

"இருக்கேன்," என்றான் கிரேடி. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைத் துடைக்க அவனிடம் மூன்றாவது கை இல்லை. "பத்து."

விமானம் மிதந்தது.

"எட்டு... அஞ்சு..."

அங்கே ஒரு கணம் நிறுத்தினான். அந்த ஒரு கணத்தில் அவன் என்ன நினைத்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வருஷமாக வளர்த்த வெறுப்பு ஒரு நிமிஷத்தில் செத்துவிடுமா?

"மூணு... ரெண்டு... ரெண்டு... ரெண்டு..."

சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானம் ஓடி, வேகம் குறைந்து, களைத்துப்போய் இடது இறக்கையைத் தரையில் சாய்த்துக்கொண்டு நின்றது. ஆட்கள் முட்டுச் சக்கரங்களோடு ஓடினார்கள். வலது இறக்கையின் நுனியில் நாலு பேர் தொங்கி அதைத் தாழ்த்த, இடது பக்கம் எழும்பியது.

டாலிவர் இறங்கி வந்தார். கூண்டைக் கழற்றிக் கையுறைகளையும் உருவினார். இரண்டு கைகளிலும் தோல் உருகி உறைந்திருந்தது. கார் கண்ணாடி வழியாக என் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

கிரேடி வெளியே போனான். "ஏன் என்கிட்ட சொல்லல? என்னைக் காப்பாத்தவா?"

"காப்பாத்தவா?" டாலிவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. "பசங்க அன்னிக்கு மூணுதான் பொறுக்கினாங்க. நாலாவது சேத்துல புதைஞ்சிருக்கும்னு விட்டுட்டாங்க. மறுநாள் பீச் மரத்துல நான் அதைப் பாத்தேன். எனக்குப் புரிஞ்சுபோச்சு. விசாரணையில நீ எழுந்து, ரெண்டும் விழுந்துச்சுன்னு சொன்னது நான்தான், ஒருவேளை என் கண்ணு தப்பாப் பாத்திருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்வேன்னு காத்திருந்தேன். நீ சொல்லல. உனக்கு அது தோணவே இல்ல. என்னைப் பாத்து விரலை நீட்டினே. எம்மெட்டோட சண்டை போட்டவன்தான் நான். ஆனா எரியறப்போ உள்ள கைய விட்டவனும் நான்தான்."

"அதுக்காக அவன் பேரைக் கெட விட்டீங்களா?"

"அது என் பாவம். அதை நான் சுமந்துக்கிறேன்." டாலிவர் ஒரு அடி நெருங்கினார். "உனக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உன் வெறுப்பை வளர விட்டேன். ஒவ்வொரு தடவையும் உன்னையே கார்ல போட்டேன். தண்ணி ஊத்தினேன், உரம் போட்டேன். ரெண்டு வருஷம் வெறுத்தே இல்ல? அத்தனையும் இனிமே உனக்குத்தான்."

எனக்கு எதற்கும் ஒரு நக்கல் உண்டு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், கிரேடி ஒரு எண்ணைச் சொல்லிக் கொல்லப் பார்த்தான். இந்த மனிதர் ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே அவனைக் கொன்றுவிட்டார்.

கிரேடி விமானத்தின் இடது இறக்கைக்கு நடந்தான். அடியில் நின்று, அப்போதுதான் செருகியிருந்த முட்டுச் சக்கரத்தை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு காருக்குத் திரும்பினான். மேக்ஸீன் வழி விட்டாள். அவன் மைக்கை எடுத்தான்.

"கட்டுப்பாட்டுக் கோபுரம், கேப்டன் சோர்லி பேசுறேன். இது ரேடியோ பதிவுல ஏறணும்."

"சொல்லு கேப்டன்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால, பிப்ரவரியில, என் அண்ணன் கிளம்பினப்போ நான் ஒரு தகவல் சொன்னேன். அதைத் திருத்தணும்."

கோபுரம் கரகரத்தது. "சரியா புரியல. எந்தத் தகவல்? மறுபடி சொல்லு."

"ரெண்டும் விழுந்துச்சுன்னு சொன்னேன்," என்றான் கிரேடி. "ஒண்ணுதான் விழுந்துச்சு."